சிவகாமியின் சபதமும் பல்லவர் கலையும்

தமிழிற் சரித்திர நாவல் என்றதும் ‘பொன்னியின் செல்வ’னையே முதற்கண் கூறுவார் பலர். கலையையே உயிராகக் கொண்ட நாவல் யாது என வினவின், யாம் கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தையே சுட்டுவோம். 1944ஆம் ஆண்டு முதல் 1946ஆம் ஆண்டு வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த இந்நூலிற் காதலும் உண்டு, மர்மமும் உண்டு, கலை வரலாறும் உண்டு. ஆயினும், கதையை வரலாறென மயங்குவோர் இழப்பது யாது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சாதாரண மர்மக் கதையிற் கொலை செய்தவன் யார் என்பதே வினா. இங்கோ, அசந்தா ஓவியங்களின் வர்ணம் அழியாதிருப்பது எதனால் என்பது வினா. ஆயனச் சிற்பியாரின் அவ்வேட்கை நாகநந்தி பிக்ஷுவின் கையிற் கருவியாகின்றது. வர்ண இரகசியம் நாடிப் புறப்பட்ட பரஞ்சோதி, தானறியாமலே பகைவனுக்கு ஓலை சுமக்கின்றான். கலையார்வம் எத்துணைத் தூயதாயினும் அரசியலின் கண்ணுக்குத் தப்பாது என்பதை இதனினும் நயமாகக் கூறல் அரிது. சிவகாமி, மாமல்லர் காதலும் அவ்வாறே போரினாற் சிதைகின்றது. வாதாபி எரிகின்றது, சபதம் நிறைவேறுகின்றது, வாழ்வு கைகூடவில்லை.

இவையெல்லாம் ஆசிரியரின் உரிமை. ஆயனரும் சிவகாமியும் கற்பனை மாந்தரே. மகேந்திரவர்மனும் நரசிம்மவர்மனும் புலிகேசியும் வரலாற்று மாந்தர். 642ஆம் ஆண்டளவில் வாதாபி பல்லவர் வசமானமைக்கு அவ்வூர்ப் பாறையிற் பொறித்த சாசனமே சான்று. எம் ஈழத்து மானவன்மன் பல்லவர்பாற் புகலடைந்து, நரசிம்மனுக்குப் போரில் துணைநின்று, பின்னர் அவன் படையுதவியால் அநுராதபுரத்து அரசை எய்தினான் என்று சூளவம்சம் கூறும்.

ஆனால், அசந்தாவின் வர்ணத்தில் மந்திரம் ஏதுமில்லை. செங்காவி, மஞ்சட்காவி, சுண்ணம், கரி, நீலக்கல் ஆகியவற்றைப் பசையுடன் கலந்து உலர்ந்த சாந்தின்மேல் தீட்டினர். அவ்வோவியங்களிற் பெரும்பகுதி உதிர்ந்துபோயிற்று. எஞ்சியவற்றுட் சிறந்தன பல, புலிகேசிக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முற்பட்ட வாகாடகர் காலத்தன என்பர் ஆய்வாளர். எமது சிகிரி ஓவியங்களும் அந்த ஐந்தாம் நூற்றாண்டினவே. மாமல்லபுரத்துச் சிற்பங்கள் யார் காலத்தன என்பதிலும் கருத்து வேறுபாடுண்டு. அனைத்தும் இராசசிம்மன் பணியே என 1962ஆம் ஆண்டில் இரா. நாகசாமி வாதிட்டார், அறிஞர் பலர் அதனை ஏற்றிலர்.

நாவலை வரலாற்றுத் தராசில் நிறுத்தல் முறையன்று என்பார் உளர். நாவலாசிரியரைக் குற்றஞ்சாட்ட யாமும் முற்படவில்லை. எம் வினா வாசகரை நோக்கியது. மாமல்லபுரம் செல்லும் தமிழன் ஆங்கே ஆயனரைத் தேடுகின்றான். சிவகாமி ஆடிய இடம் எது என வழிகாட்டியை வினவுகின்றான். முற்றுப்பெறாது விடப்பட்ட குகைகளிற் சதுரம் சதுரமாக வகுத்து வெட்டிய உளித்தடங்களைக் கண்டும் காணாது அகல்கின்றான். பாறை கோயிலாகிய முறையை அவ்வுளித்தடங்களே உரைக்கின்றன. கற்பனைச் சிற்பி ஒருவர்க்குப் புகழ் அனைத்தையும் அளித்துவிட்டு, மெய்யாக உளி பிடித்த பெயரறியாப் பலரை மறத்தல் நன்றியன்று.

ஆதலின் மாணவர்க்கு யாம் கூறுவது இது. சிவகாமியின் சபதத்தைப் படியுங்கள்; அதன் இன்பத்தை ஐயுற வேண்டா. படித்து முடித்தபின் மண்டகப்பட்டுச் சாசனத்தையும் படியுங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் இன்றி மும்மூர்த்திகட்குக் கோயில் எடுத்ததை விசித்திரசித்தனாகிய மகேந்திரன் அதிலே பெருமையுடன் கூறுகின்றான். ஆசிரியன்மாரும் இவ்விரண்டையும் ஒரு வகுப்பிலேயே வைத்துக் கற்பிப்பாராக. அங்ஙனம் கற்ற மாணவன், சிகிரிப் படிகளில் ஏறுங்கால் காதற்கதை தேடி நில்லான். சாந்தையும் வர்ணத்தையும் கோட்டையும் உற்றுநோக்குவான். கண்ணைத் திறந்துவிட்ட நாவலுக்கு அதனினும் பெரிய கைம்மாறு வேறில்லை.