நினைவை அளந்தார், அறிவென்று எழுதினார்!

"ஓடுபவனுக்கு மாரத்தான் எப்படியோ, அப்படித் துடுப்பு வலிப்பவனுக்கு எது?"

அமெரிக்காவிலே, கல்லூரி வாயிலில் நின்ற மாணவரை நோக்கி ஒரு காலத்தில் வீசப்பட்ட வினா இது. விடை: 'ரெகாட்டா'. படகுப் பந்தய விழாவுக்கு அங்கே வழங்கும் பெயர். ஏரிக்கரை மாளிகையிலே வளர்ந்த செல்வன், வினா முடியுமுன் விடையைக் குறிப்பான். ஆலைத் தொழிலாளியின் மகனோ விழிப்பான். விழித்தவனைப் பற்றி என்ன எழுதினர்? 'இச்சொல்லைக் கேட்டறியாதவன்' என்றா? இல்லை, நண்பர்களே! 'திறன் குறைந்தவன்' என்று எழுதினர்!

சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள உறவை உணர்வது அறிவின் செயல், மறுக்கவில்லை நாம். ஆனால் அறிவு இணைத்துப் பார்க்க வேண்டிய பொருளைக் கொணர்ந்து தருவது எது? நினைவன்றோ! அந்த நினைவுக் களஞ்சியத்தை நிரப்பியது எது? வாழ்ந்த வாழ்வன்றோ!

இதை முதலில் ஆய்ந்தவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் கால்டன். 75 சொற்களை எழுதி வைத்து, ஒவ்வொன்றைக் கண்டதும் உள்ளத்தில் எழுந்ததைக் குறித்தார், 1879இல் வெளியிட்டார். எழுந்த எண்ணங்களிலே பல, அவர் சிறுவனாய் இருந்தபோது பதிந்தவை! பிறப்பே அறிவைத் தருமென்று முழங்கியவரின் சொந்த ஏடே, வளர்ப்பின் வலிமைக்குச் சான்று கூறிற்று!

நினைவோ, சொற்களை இணைத்தே சேமிக்கிறது. கட்டில், ஓய்வு, களைப்பு, கனவு என்று அடுக்கிச் சொல்லிவிட்டுப் பின்னர்க் கேட்டால், சொல்லப்படாத 'உறக்கத்தை'யும் கேட்டதாகப் பலர் உறுதி கூறுவர். 1959இல் டீஸ் காட்டியது; 1995இல் ரோடிகரும் மெக்டெர்மட்டும் மீண்டும் மெய்ப்பித்தது. ஆகவே, சொல்லுறவிலே நாம் கூறும் தீர்ப்பு, பழகிய தடத்திலே ஓடும் வண்டி. தடமே இல்லாத ஊர்க்காரனை, 'வண்டியோட்டத் தெரியாதவன்' என்பது நீதியா?

நீதி என்றனர் சிலர்! 1923இல் பிரிகாம் என்ற பேராசிரியர், போர்வீரர்க்கு நடத்திய சோதனைகளை வைத்து, வட ஐரோப்பியரே அறிவிலே உயர்ந்தோர் என்று நூலெழுதினார். குடியேறியோருள், அந்நாட்டிலே நெடுங்காலம் வாழ்ந்தவர் மிகுந்த மதிப்பெண் பெற்றதை அவர் கண்டார். 'பழகினர், பெற்றனர்' என்று கொண்டாரா? 'முன்னே வந்தவர் உயர்ந்த இனம், பின்னே வந்தவர் தாழ்ந்த இனம்' என்றார்! 1926இல் அவர் தலைமையில் உருவான கல்லூரித் தேர்விலே சொல்லுறவு வினாக்களும் அமர்ந்தன. 1930இல் தம் இன முடிவுகள் ஆதாரமற்றவை என்று அவரே ஒப்புக்கொண்டார். தேர்வோ ஓயவில்லை!

2001இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத் தலைவர் அட்கின்சன் எதிர்த்தெழுந்தார். நினைவின் அமைப்பை ஆய்ந்து புகழ் பெற்ற உளவியலார் அவர். செல்வர் பள்ளி ஒன்றிலே, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இவ்வினாக்களுக்காகப் பயிற்சி பெறுவதைக் கண்டதாகக் கூறினார். பயிற்சியால் வருவது பிறவித் திறனா? 2005இல் அவ்வினாக்கள் அகற்றப்பட்டன.

ஆசிரியப் பணியிலே இருக்கும் நாமும் ஒருநாள் கேட்டோம்: "தச்சருக்கு உளி, நெசவாளருக்கு?" பரிசுகள் குவித்த முதல் மாணவன் வாய் திறக்கவில்லை. கடைசி இருக்கையிலிருந்து, தறி வீட்டுச் சிறுமி "நாடா!" என்றாள். அன்று ஒரு நாள், அவள் மேதை, அவன் மந்தம்! மறுநாள் பாடநூலின் சொற்கள் வந்தன. அவள் மீண்டும் கடைசி. ஓர் இரவிலே அவள் அறிவு எங்கே ஓடிற்று? அறிவு ஓடவில்லை, கேள்விதான் அவள் தெருவைவிட்டு ஓடிற்று!

"சோதனையே கூடாதோ?" எனக் கேட்பர். கூடும்! உறவை அறியும் ஆற்றலை அளக்க வேண்டுமா? எல்லார்க்கும் தெரிந்த சொற்களைத் தாருங்கள். தெரியாத சொல்லா? முதலில் கற்பியுங்கள், பிறகு கேளுங்கள். அப்போது தவறினால், இன்னொரு முறை கற்பியுங்கள். குழந்தையின் நெற்றியிலே முத்திரை மட்டும் குத்தாதீர்கள்!

படியின் அடியிலே ஓட்டையை வைத்துக்கொண்டு, நெல் குறைகிறதென்று உழவனை ஏசுவோரே! முதலில் படியைத் திருப்பிப் பாருங்கள்!