விலையும் தரமும் ஒன்றல்ல

பத்திராசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வளர்ப்புப் பிராணிகளுக்கென்று பளபளப்பான உறைகளில் விற்கப்படும் தீவனத்தை மாதந்தோறும் வாங்குவது சொற்ப வருமானமுள்ள குடும்பங்களுக்கு இயலாத காரியமாகிவிட்ட இந்நாளில், விலை ஒன்றையே தரத்தின் பிரமாணமாகக் கொள்ளும் மயக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத அனுமதி வேண்டுகிறேன்.

டப்பாவில் அடைத்த ஈர உணவில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவீதம் நீரே இருக்க, உலர்ந்த உணவில் அது சுமார் 10 சதவீதமே இருப்பதால், இரண்டையும் கிலோ விலை கொண்டு ஒப்பிடுதல் பொருந்தாது. உறையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள புரதம், கொழுப்பு, ஈரம் ஆகியவற்றின் விகிதத்தையும், பிராணியின் எடைக்குரிய தினசரி அளவையும் பார்த்து, ஒரு நாளைய செலவைக் கணக்கிடுவதே விவேகம்.

மனிதனோடு நெடுங்காலம் வாழ்ந்து மாவுப்பொருளை ஜீரணிக்கும் சக்தியைப் பெற்றுவிட்ட நாய்க்கு, குருணைச் சோற்றோடு வேகவைத்த முட்டையோ, கோழி இறைச்சியோ, மலிவாகக் கிடைக்கும் பருவத்தில் மத்தி மீனோ, சிறிது பூசணியோ சேர்த்தளிக்கலாம். ஆயினும் சோறும் இறைச்சியும் மட்டுமே தந்தால் சுண்ணாம்புச் சத்து குறைந்துவிடும் என்பதையும், வெங்காயம், பூண்டு, திராட்சை ஆகியவை அதற்கு விஷம் என்பதையும் மறத்தலாகாது. பூனையோ சுபாவத்திலேயே மாமிச பட்சிணி. டாரின் என்னும் சத்தை அது மாமிசத்திலிருந்தே பெறவேண்டியிருப்பதால், பால்சோறு மட்டும் தின்று வளரும் பூனைக்கு நாளடைவில் கண்ணும் இருதயமும் கெடக்கூடும்.

ஆகவே, உள்ளூர்ப் பொருள்களைக் கொண்டு, எடைக்கும் வயதுக்கும் தக்க அளவுகளுடன் கூடிய ஆகார அட்டவணை ஒன்றைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் எளிய தமிழில் அச்சிட்டு, அரசுக் கால்நடை மருந்தகங்கள்தோறும் ஒட்டச் செய்வார்களாயின், அது பேருபகாரமாகும்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
மதுரை