வெற்றிலையின் பெயரும் விலையும்

ஊர்ப் பெயராலேயே விலைபோகும் பொருள்கள் சில உலகத்தில் உண்டு. பொருளைச் சுவைத்தறியாதவரும் பெயரைக் கேட்ட அளவிலே அதன் தரத்தை ஒப்புக்கொள்வர். மட்டக்களப்புப் பகுதியிலே வெற்றிலைக்கு அத்தகைய பெயரைப் பெற்ற ஊர் களுதாவளை. கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவில், தேற்றாத்தீவுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையே, கிழக்கில் கடலும் மேற்கில் வாவியுமாக அமைந்த மணற்பாங்கான கிராமம் அது. "களுதாவளை வெற்றிலை" என்று சொல்லிவிட்டால் கடைக்காரர் மேலும் ஒரு சொல் சொல்ல வேண்டியதில்லை. வாங்குபவரும் பேரம் பேசுவதிற் சற்றுத் தளர்ந்துவிடுவார்.

இப்பெயர் தகுமா, பெயருக்கென்று கேட்கப்படும் விலை தகுமா என்னும் கேள்வியை எனக்குள் எழுப்பியவர் பிரான்சில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர். சென்ற விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தார். வட்டாவிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சேர், அங்கே போர்தோ ஊர்த் திராட்சை மதுவுக்கு நடப்பதுதான் இங்கே இதற்கும் நடக்கிறது" என்றார். மதுவின் சுவையை யான் அறியேன். ஆயின் அதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது, அவர் கூற்றிற் பாதிதான் உண்மை என்று கண்டேன்.

1855 ஆம் ஆண்டு, மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், பாரிசில் ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தது. அதன்பொருட்டுப் போர்தோ நகரத் தரகர்கள் தம் பகுதிச் சிவப்பு மதுக்களை ஐந்து வகுப்பாகப் பிரித்து ஒரு பட்டியல் தயாரித்தனர். லாஃபித், லத்தூர், மார்கோ, ஓபிரியோன் என்னும் நான்கு தோட்டங்கள் முதல் வகுப்பில் அமர்ந்தன. தரகர்கள் அளவுகோலாகக் கொண்டது எதனை? சந்தையில் அதுவரை எது எவ்வளவுக்கு விற்றது என்பதையே பெரிதும் கொண்டனர். விலை உயர்ந்திருந்தமையால் முதல் வகுப்பு. முதல் வகுப்பானமையால் மேலும் விலை உயர்வு! நூற்றெழுபது ஆண்டுகளாக இச்சக்கரம் சுழல்கிறது. 1973 இல் மூத்தோன் என்னும் தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு ஏற்றப்பட்டதைத் தவிர, பட்டியலிற் பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை. இன்று அவற்றின் ஒரு போத்தல் நூற்றுக்கணக்கான யூரோ பெறும்.

பெயரை மறைத்தபோது நடந்ததோ வேறு. 1976 இல், அதே பாரிசில், போத்தல்களின் அடையாளத்தை மறைத்து ஒன்பது பிரெஞ்சு நடுவர்களிடம் கொடுத்தனர். சிவப்பு மதுவில் முதலிடம் பெற்றது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப்; மூத்தோனும் ஓபிரியோனும் அதற்குப் பின்னரே வந்தன. 2001 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னும் வேடிக்கையானது. பிரோசே என்பவர் வெள்ளை மதுவிற் சிவப்புச் சாயம் கலந்து கொடுக்க, போர்தோவில் மதுக்கலை பயின்ற ஐம்பத்து நான்கு மாணவர்கள் அதனைச் சிவப்பு மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தனர். கண்ணும் காதும் சொன்னதை நாவு ஒப்புவித்தது போலும்.

இதனால் போர்தோவின் பெயர் முழுப் பொய் என்று தள்ளிவிடலாகாது. நீர் தேங்காத பரல் நிலமும், தலைமுறை தலைமுறையாகக் கொடியைப் பேணிய கையும் அங்கே மெய்யாகவே உள்ளன. பெயருக்கு அடியில் ஒரு தரம் இருக்கிறது. விலையோ அத்தரத்தை விட்டு வெகுதூரம் மேலே சென்றுவிட்டது.

இனி நம் வெற்றிலைக்கு வருவோம். வெற்றிலைக் கொடிக்கு வேரடியில் எந்நேரமும் ஈரம் வேண்டும். ஆனால் நீர் தேங்கிற்றோ, வேர் அழுகிவிடும். வார்த்த நீரை உள்வாங்கி வடியவிடும் மணலும், அம்மணலிலே தோண்டிய கிணற்றின் நன்னீரும், வெயிலை மறைக்கும் நிழலும், நாள் தவறாமல் நீர் வார்க்கும் தோளும் வேண்டும். களுதாவளையின் பெயர் இவற்றிலிருந்து பிறந்தது; எந்தத் தரகரும் பட்டியல் எழுதித் தந்ததன்று.

எனினும் சோதித்துப் பார்த்தல் நன்றன்றோ? மாணவர் சென்ற மறுநாள், வேற்றூர் வெற்றிலையும் நம்மூர் வெற்றிலையும் வாங்கி, காம்பும் நுனியும் கிள்ளி, எது எதுவென்று சொல்லாமல் அயலிலுள்ள மூன்று முதியோரிடம் கொடுத்தேன். இருவர் மென்ற உடனே நம்மூர் இலையைச் சுட்டிக் காட்டினர். மூன்றாமவரான பெரியம்மா வேற்றூர் இலையையே களுதாவளை என்றார். உண்மையைச் சொன்னதும் அவர் பாக்குரலை இடிப்பதை நிறுத்தாமலே, "அதுவும் நம்மட கொடியில இருந்து போன தண்டுதான் மனே" என்றார். அது சாட்டாகவும் இருக்கலாம், மெய்யாகவும் இருக்கலாம். தண்டு வெட்டி நட்டே பெருகும் கொடி அது. எங்கு வேண்டுமாயினும் போகும்.

ஆகவே பெயர் பெரும்பாலும் தகும் என்பதே என் துணிபு. என் மனத்தை உறுத்துவது விலை. போர்தோத் தோட்டக்காரர் தம் மதுவை நிலவறையிற் பூட்டிவைத்து, விலை வரும்வரை காத்திருக்கலாம். ஆண்டுகள் செல்லச் செல்ல நல்ல மதுவின் மதிப்பு ஏறும். வெற்றிலையோ கிள்ளிய சில நாட்களில் வாடிவிடும். வாடும் பொருளை வைத்திருப்பவன் எப்படிப் பேரம் பேசுவான்? வந்த வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி இப்பகுதித் தென்னைகளை வீழ்த்திய காலத்திலும், பின்னர் யுத்தத்தால் பாதைகள் மூடப்பட்ட நாட்களிலும், நட்டம் கொடிக்காரனைத்தான் சேர்ந்தது. பெயரால் வரும் அதிக விலை அவன் கைக்கு வந்து சேரும்போது மெலிந்துவிடுகிறது. வேற்றூர் இலையை நம்மூர்ப் பெயரால் விலைகூறுவதைச் சந்தையில் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஏமாந்து வாங்கியும் இருக்கிறேன்.

போர்தோவிலும் முன்னர் இக்குறை இருந்தது. தோட்டங்களின் மதுவைப் பீப்பாயாக வாங்கிச் சென்று போத்தலில் அடைத்தவர்கள் நகர வியாபாரிகள். 1924 இல் மூத்தோன் தோட்டத்துப் பிலிப் த ரொத்சீல்து தம் மது முழுவதையும் தோட்டத்திலேயே அடைப்பதென முடிவு செய்தார், பிறரும் பின்பற்றினர். தமிழ்நாட்டிலே ஆத்தூர் வெற்றிலையும் சோழவந்தான் வெற்றிலையும் 2023 இல் புவிசார் குறியீடு பெற்றன. நமது நாட்டுக் கறுவாவுக்கு 2022 இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய காப்பை வழங்கிற்று. களுதாவளைக்கு மட்டும் ஏன் கூடாது?

ஆசிரியனாக இருந்தவன் ஒன்றை மறைத்தல் ஆகாது. பாக்கும், வெற்றிலை பாக்குக் கலவையும் புகையிலை சேராதபோதும் புற்றுநோய் விளைப்பன என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004 இல் வெளியிட்ட நூலிற் கூறியுள்ளது. நாள்தோறும் பாக்குடன் மெல்லுமாறு நான் எவரையும் தூண்டேன். பெரியம்மாவையும் தடுத்துப் பார்த்துத் தோற்றவன். ஆனால் கல்யாணத்துக்கும் பூசைக்கும், வந்தவரை வரவேற்கும் வட்டாவுக்கும் இலை வேண்டியிருக்கும் வரையில், அதனை வளர்ப்பவன் உரிய விலை கேட்பதிற் குற்றமில்லை.

குறியீடு வரும்போது வரட்டும். அதுவரை, கட்டின்மேல் ஊர்ப் பெயரும் தோட்டக்காரர் பெயரும் எழுதிய ஒரு சிறு சீட்டைத் தோட்டத்திலேயே செருகியனுப்பலாமே. முதற் சீட்டுகளை எழுதித்தர நான் ஆயத்தம்; கரும்பலகையில் முப்பது ஆண்டு பழகிய கையெழுத்து இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.