சிறுமூளைக் கட்டியின் வகையறிதல்



குழந்தைகளின் சிறுமூளையில் தோன்றும் மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி, நுண்ணோக்கியில் ஒரே ரோகம்போல் தோன்றினும், மரபணுக்களின் போக்கால் நான்கு பிரதான வகைகளாகப் பிரியும். அவற்றுள் டபிள்யூ.என்.டி. வகைக்குச் சிகிச்சை பெரும்பாலும் பலிக்கும், மூன்றாம் வகையோ மிகக் கொடியது. இவற்றைப் பாரஃபின் மெழுகில் பாதுகாத்த திசுத்துண்டிலிருந்தே பிரித்தறியும் பரிசோதனையை, நவி மும்பை ஆக்ட்ரெக் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தில் நீலம் ஷிர்சாட் அவர்களின் குழுவினர் 2013-ஆம் ஆண்டிலேயே வெளியிட்டனர். வகை தெளிந்தாலன்றி, எந்த மூலக்கூற்றை மருந்து தாக்கவேண்டும் என்பதும், எந்தக் குழந்தைக்குக் கதிர்வீச்சைக் குறைப்பது உசிதம் என்பதும் நிச்சயமாகா. ஆதலின், மரக்காணக் கரையின் உப்பளத் தொழிலாளி தன் பிள்ளையுடன் நாடிச் செல்லும் அரசாங்க ஆஸ்பத்திரி எதுவாயினும், அங்கே இப்பரிசோதனை கட்டணமும் காலதாமதமுமின்றி உரிமையாகவே கிடைக்க ஆட்சியாளர் வழிசெய்தல் அவசியம்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
கூனிமேடு.