88-க்கு வந்த கோபம்

பரீட்சை எழுதுவதற்கு முன்பே மார்க்கைப் போட்டுக் கையில் கொடுத்துவிட்டால் எப்படி இருக்கும்? "இதென்ன அநியாயம்!" என்று சண்டைக்குப் போக மாட்டோமா? 2024 கோடையில் அமெரிக்காவில் எத்தனையோ வீடுகளில் இந்த அநியாயத்தைப் பற்றித்தான் பேச்சு. மார்க் வாங்கியவை காலேஜ் ஃபுட்பால் டீம்கள். மார்க் போட்டது ஒரு வீடியோ கேம். கோபித்துக் கொண்டு பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் என் பேரன்!

அந்த வருஷம் ஜூன் முதல் டிசம்பர் வரை மிஷிகன் மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தேன். இட்லிக்கு அரைப்பது, தொட்டியில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியை வெயில் வரும் பக்கமாக நகர்த்தி வைப்பது என்று என் பொழுது போய்க் கொண்டிருந்தது. வீடியோ கேமைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவேன் என்று சொப்பனத்திலும் நினைத்ததில்லை. ஆனால் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு அதில் விஷயம் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஃபுட்பால் என்றதும் நம்மூர்க் கால்பந்தை நினைத்துக் கொள்ளாதீர்கள். இது வேறு. பந்து முட்டை வடிவம். அதைக் கையில் அணைத்துக் கொண்டு ஓடுவார்கள், தூர எறிந்து பிடிப்பார்கள். எதிரணிக்காரர்கள் மேலே விழுந்து அமுக்குவார்கள். பத்து கஜம் முன்னேற நான்கு தடவை முயற்சி செய்யலாம். முடியாவிட்டால் பந்து எதிராளிக்கு. ஆடுகிறவர்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள்தான். ஆனால் பார்க்க வருகிற கூட்டம்? மிஷிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்டேடியத்தில் மட்டும் 1,07,601 பேர் உட்காரலாம்! படித்த காலேஜ், பிறந்த ஊர், அப்பா அழைத்துப் போன முதல் மாட்ச் என்று அவர்களுக்கு அது குலதெய்வம் மாதிரி.

இந்த ஆட்டத்தை வைத்து முன்பு வருஷா வருஷம் வந்து கொண்டிருந்த வீடியோ கேம் 2013-க்குப் பிறகு நின்று போயிற்று. பதினோரு வருஷம் கழித்து, 2024 ஜூலை 19-ம் தேதி, 'காலேஜ் ஃபுட்பால் 25' என்ற பெயரில் திரும்பி வந்தது. 134 கல்லூரி அணிகள். ஒவ்வொரு அணிக்கும் மொத்த மார்க் ஒன்று, தாக்குதலுக்கு ஒன்று, தடுப்புக்கு ஒன்று. கேம் கடைக்கு வருவதற்கு முன்பே, ஜூன் மாதத்தில், முதல் 25 அணிகளின் மார்க் பட்டியலை வெளியிட்டு விட்டார்கள். அவ்வளவுதான், பற்றிக் கொண்டது!

ஜார்ஜியாவுக்கு 95, முதலிடம். ஓஹையோ ஸ்டேட்டுக்கும் ஆரிகனுக்கும் 93. அலபாமாவுக்கும் டெக்ஸாஸுக்கும் 92. மிஷிகனுக்கு 88, பதினோராவது இடம்.

இதில் என்ன கோபம் என்று கேட்பீர்கள். அதற்கு ஐந்தே மாதம் முன்பு, 2024 ஜனவரி 8-ம் தேதி, வாஷிங்டனை 34–13 என்று வென்று தேசிய சாம்பியன் ஆனது இதே மிஷிகன்தான். அந்த சீசனில் ஆடிய 15 ஆட்டத்திலும் ஜெயம். போன வருஷம் வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையை, புது வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பே பதினோராவது பெஞ்சில் உட்கார வைத்த மாதிரி!

எங்கள் வீட்டில் இன்னொரு சிக்கல். மாப்பிள்ளை எம்.எஸ். படித்தது ஓஹையோ ஸ்டேட்டில். பேரன் பிறந்து வளர்ந்தது மிஷிகனில். இந்த இரண்டு அணிகளும் முதன்முதலாக மோதிக் கொண்டது 1897-ல். அன்றிலிருந்து பங்காளிப் பகை!

"93 பெரிசா, 88 பெரிசா? நீயே சொல்லுடா. நம்பர் பொய் சொல்லாது!" என்று சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை சீண்டினார்.

"நாங்கதானே சாம்பியன்! போன வருஷம் உங்களையும் சேர்த்துத்தானே ஜெயிச்சோம்!" என்றான் பேரன். கண் கலங்கிவிட்டது. சாம்பார் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனான். பதின்மூன்று வயது.

"விளையாட்டுக்குப் போய் இவ்வளவா?" என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. இந்த மார்க் வெறும் அலங்காரம் இல்லை. ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் வேகம், பலம், பந்தைப் பிடிக்கும் திறமை, சுதாரிப்பு என்று தனித்தனியாக எண் கொடுத்திருக்கிறார்கள். அந்த எண் எவ்வளவோ அவ்வளவுதான் திரையில் அந்தப் பொம்மை ஓடும். குறைத்துப் போட்டுவிட்டால், கைக்கு வந்த பந்தையும் கோட்டை விடும்! கல்லூரிக்கும் படிப்பின் பெயர், வளாக வாழ்க்கை, ஸ்டேடியத்தின் ஆரவாரம் என்று 14 விஷயங்களில் ஏ, பி, சி என்று கிரேடு உண்டு. கிரேடு குறைந்த கல்லூரியை எடுத்து ஆடினால், நல்ல ஆட்டக்காரப் பையன்களை அங்கே சேர வைப்பதே பிரம்மப் பிரயத்தனம். ஆக, தன் காலேஜுக்குக் குறைத்துப் போட்டார்கள் என்றால் ரசிகர்களுக்கு அது தினமும் உறுத்துகிற முள்.

மார்க் போட்டவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. சாம்பியன் ஆன பிறகு மிஷிகனின் தலைமைப் பயிற்சியாளர் தொழில்முறை அணிக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர்களில் 13 பேரைத் தொழில்முறை அணிகள் எடுத்துக் கொண்டுவிட்டன. பெயர் அதே பெயர், சட்டை அதே சட்டை, உள்ளே இருக்கும் பிள்ளைகள் வேறு. ரசிகர்கள் நேற்றைய வெற்றியை நினைத்துக் கோபப்படுகிறார்கள். மார்க் போடுகிறவர்கள் நாளைக்கு யார் ஆடுவார்கள் என்று பார்க்கிறார்கள். இரண்டு பேரும் வேறு வேறு பேப்பரைத் திருத்துகிறார்கள்!

இன்னொன்றும் கவனித்தேன். பதினோராவது இடம் என்பதுதான் பேரனுக்குக் குத்தியது. ஆனால் ஒன்பதாவது இடத்துக்கும் அதே 88 தான். நம் பள்ளிக்கூட ராங்க் மாதிரியே பாருங்கள். மார்க்கில் வித்தியாசமே இருக்காது, ராங்கில் மட்டும் மனசு உடைந்து போகும்.

இதற்கு நேர்மாறாக, கொலராடோவுக்கு 16-வது இடம் கொடுத்ததற்காகவும் கோபப்பட்டார்கள். 2023-ல் 12 ஆட்டத்தில் நாலே ஜெயித்த அணி அது. "பயிற்சியாளர் பிரபலம் என்பதற்காக மார்க்கா?" என்று கேட்டார்கள்.

ஒரு தாயாக என் மனசைத் தொட்டது வேறொன்று. இந்தக் கேமில் இருக்கும் பொம்மைகளுக்குப் பின்னால் நிஜப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பழைய கேம்களில் பெயர் இருக்காது. ஆனால் சட்டை எண், உயரம், சாயல் எல்லாம் அப்படியே இருக்கும். எட் ஓபேனன் என்று ஒரு கூடைப்பந்து வீரர். 1995-ல் தேசியப் பட்டம் வென்ற கல்லூரி அணியில் ஆடியவர். நண்பர் வீட்டுக்குப் போனபோது அந்த வீட்டுப் பையன் ஆடிக் கொண்டிருந்த வீடியோ கேமில் தன்னையே பார்த்தார்! தன்னை யாரும் கேட்கவுமில்லை, ஒரு காசு தரவுமில்லை. 2009-ல் வழக்குப் போட்டார். 2014-ல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அந்த வழக்குகளால்தான் கேம் அத்தனை வருஷம் நின்று போனது. 2021-ல் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயருக்குக் காசு வாங்கலாம் என்று விதி மாறிற்று. 2024 கேமில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சம்மதித்துப் பெயர் கொடுத்தார்கள். ஆளுக்கு 600 டாலரும் கேமும் கொடுத்தார்கள். அவர்களில் பலர் 18, 19 வயதுப் பிள்ளைகள். ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி பெயருக்குப் பக்கத்தில் ஒரு மார்க்! அதைப் பார்க்கும் அம்மாவுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துக் கொண்டேன்.

ஒரு நாள் ராத்திரி தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது பேரன் மெதுவாகச் சொன்னான். "பாட்டி, அப்பாவுக்கு எல்லாமே நம்பர்தான். மேத்ஸ்ல 91 எடுத்தப்பகூட, மீதி 9 எங்கேன்னுதான் கேட்டார்."

கோபம் 88-ஓடு நிற்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மகளிடம் சொன்னேன், அவள் பக்குவமாக மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொன்னாள். அவர் மறுநாள் என்னிடம் வந்து, "அத்தை, நான் தமாஷாத்தான் சொன்னேன். இவ்வளவு தூரம் மனசுல வச்சிருப்பான்னு தெரியலை" என்றார் வருத்தமாக.

"அதுக்கென்ன மாப்பிள்ளை, நீங்க ரெண்டு பேருமே மார்க் போடுங்களேன். யார் சரின்னு பார்ப்போம்" என்றேன்.

அப்படியே செய்தார்கள். ஆளுக்கு ஒரு தாள், பத்து அணிகள், ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் ஒரு வரி காரணம். கவரில் போட்டு ஒட்டி, பூஜை அலமாரியில் வைத்தோம். அந்த ஒரு வரி காரணத்துக்காக இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படித்ததும் பேசியதும் இருக்கிறதே, அதைப் பார்க்க வேண்டும்!

சீசன் எப்படிப் போயிற்று தெரியுமா? கேமில் 12-வது இடம் பெற்ற ஃப்ளோரிடா ஸ்டேட், 12 ஆட்டத்தில் இரண்டே இரண்டுதான் ஜெயித்தது. முதல் 25-லேயே இல்லாத இண்டியானா முதல் 12 ஆட்டத்தில் 11 ஜெயித்தது. எல்லாரும் கேலி செய்த கொலராடோ மொத்தம் 9 ஆட்டம் ஜெயித்து, 16-வது இடம் ஒன்றும் அத்தனை தப்பில்லை என்று காட்டியது. 95 வாங்கிய ஜார்ஜியா கால் இறுதியில் தோற்றது.

நவம்பர் 30-ம் தேதி 93-ம் 88-ம் ஓஹையோ ஸ்டேடியத்தில் மோதின. எல்லாரும் டி.வி. முன்னால். மிஷிகன் 13, ஓஹையோ 10! பேரன் வீட்டைச் சுற்றி ஓடினான். மாப்பிள்ளை தலையில் துண்டைப் போட்டுக் கொண்டார். ஆனால் கடைசியில் 2025 ஜனவரி 20-ம் தேதி நோத்ர டாமை 34–23 என்று வென்று சாம்பியன் ஆனது ஓஹையோ ஸ்டேட்தான். மிஷிகன் அந்த சீசனில் 8 ஜெயம், 5 தோல்வி.

நான் அதற்குள் ஊர் திரும்பிவிட்டேன். கவரைப் பிரித்ததும் போன் வந்தது. பேரன் மிஷிகனுக்குப் போட்டிருந்தது 96! "பாட்டி, கேம்காரங்க போட்டதைவிட என்னோடதுதான் ரொம்பத் தப்பு!" என்று அவனே விழுந்து விழுந்து சிரித்தான். "தப்பா இருந்தாலும் காரணம் நல்லா எழுதியிருக்கான் அத்தை" என்றார் மாப்பிள்ளை. அந்த வார்த்தை எனக்குப் போதும்.

இளம் தாய்மார்களுக்கு நாலு வார்த்தை:

குழந்தை விளையாட்டுக்காக அழுதால் "இதுக்குப் போயா?" என்று சிரிக்காதீர்கள். பெரியவர்களே இந்த மார்க்குக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். முதலில் காது கொடுத்துக் கேளுங்கள். வேறு வருத்தம் ஏதாவது உள்ளே இருந்தால் அப்போதுதான் வெளியே வரும்.

"இந்த எண்ணை எப்படிப் போட்டிருப்பாங்க?" என்று கேளுங்கள். கோபத்தில் இருக்கும் பிள்ளையை யோசிக்க வைக்க இந்தக் கேள்வி நல்ல மருந்து.

திரை முன்னால் உட்கார்ந்தால் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, இருபது அடி தூரத்தில் இருக்கும் பொருளை இருபது விநாடி பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு இதமாக இருக்கும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கேமை நிறுத்திவிடுங்கள். தோற்ற கோபத்தோடு படுத்தால் தூக்கம் எங்கே வரும்?

மார்க் ஷீட் வந்தால் முதலில் எது சரியாக வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். மீதி 9 எங்கேயும் ஓடிப் போகாது. அதை மறுநாள் தேடிக் கொள்ளலாம்.

கைக்குழந்தைக்காரர்களுக்கும் இதுவேதான். எடை பார்க்கும்போது ஒரு நாள் எண்ணை வைத்து டாக்டர் முடிவு கட்டுவதில்லை. மாதா மாதம் புள்ளி வைத்து, கோடு எப்படிப் போகிறது என்றுதான் பார்ப்பார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் எடையைக் கேட்டுவிட்டு வந்து ராத்திரி முழுக்க விழித்திருக்காதீர்கள். உங்கள் குழந்தையின் அட்டையை எடுத்துப் போன மாதத்துப் புள்ளியைப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த அட்டையோடு டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.