எது தவறு என்று சொல்லாத சிவப்புக் கோடு



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில் எழுதுவது. கோபத்தில் எழுதியதை ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் படித்துப் பார்த்துவிட்டு அனுப்பு என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நான்கு இரவு வைத்திருந்தேன். குறையவில்லை.

எங்கள் தெருக்கோடியில் ஒரு தையற்காரர் குடும்பம். மூத்த பெண் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். அன்றைக்குத்தான் வருமானச் சான்று கைக்கு வந்தது. வீட்டில் கணினி இல்லை. சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒரு மஞ்சள் பையில் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். எந்தத் தளம், யாருடையது என்று சொல்லப் போவதில்லை. சண்டை அவர்களோடு மட்டும் இல்லை.

முப்பது கட்டங்களுக்கு மேல் இருக்கும். நிரப்பினோம். வங்கிக் கணக்கு எண்ணை நான் வாசிக்க அவள் தட்டினாள். புகைப்படம், சாதிச் சான்று, வருமானச் சான்று மூன்றையும் ஏற்றினோம். கோணல் மாணலாக இருக்கும் அந்த எழுத்துகளைப் பார்த்து எழுதினோம் (என் கண்ணாடிக்கு அது பெரிய சோதனை). பொத்தானை அழுத்தினோம். பக்கத்தின் உச்சியில் சிவப்பில் ஒரே வரி வந்தது: 'தவறான உள்ளீடு. சரிபார்க்கவும்.'

எந்தக் கட்டத்தில்? சொல்லவில்லை. என்ன தவறு? சொல்லவில்லை. ஏற்றிய மூன்று கோப்புகளும் காணாமல் போயிருந்தன. கோணல் எழுத்து புதிதாக வந்திருந்தது. மறுபடி ஏற்றினோம், மறுபடி அழுத்தினோம், மறுபடி அதே வரி. வங்கி எண்ணை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டோம். பிறந்த தேதியைக் கோடு போட்டும் சாய்கோடு போட்டும் பார்த்தோம். ஒன்பதரை மணி வாக்கில் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "நான்தான் ஏதோ தப்பு பண்றேன் போல ஐயா."

பதினொன்றே முக்காலுக்குத் தற்செயலாகக் கண்டுபிடித்தோம். அவள் பெயருக்கு முன்னால் உள்ள தலைப்பெழுத்துக்குப் பின் ஒரு புள்ளி. அவளுடைய ஆதாரில் அப்படித்தான் இருக்கிறது. படிவத்திலும் 'ஆதாரில் உள்ளபடி பெயர்' என்றுதான் கேட்டிருக்கிறார்கள். புள்ளியை எடுத்ததும் கடந்தது. அடுத்த பக்கத்தில் 'உங்கள் நேரம் முடிந்தது, மீண்டும் உள்நுழையவும்.' உள்ளே போக ஓடிபி. அது வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு நான்கு.

இந்த ஆண்டு அந்தப் பணம் அவளுக்கு இல்லை.

இதைப் படிக்கிற உங்களில் பலர் இந்த மாதிரிப் படிவங்களைக் கட்டித்தான் சம்பளம் வாங்குகிறீர்கள். சோழிங்கநல்லூரில் இருக்கிறீர்கள், பெங்களூரில் இருக்கிறீர்கள், கடல் தாண்டியும் இருக்கிறீர்கள். அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். ஒரு விடைத்தாளைத் திருத்தி, உள்ளே எங்கும் ஒரு குறிகூடப் போடாமல், முதல் பக்கத்தில் 'தவறு' என்று மட்டும் எழுதி உங்களிடம் கொடுத்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பீர்கள்?

நானும் யோக்கியன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருடம் கட்டுரை நோட்டில் வாக்கியம் முழுவதையும் அடித்துவிட்டுப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுவேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "ஐயா, இதுல ஒற்று தப்பா, சொல் தப்பா, இல்ல நான் நெனச்சதே தப்பா?" அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. அதற்குப் பிறகு ஒற்றுப் பிழைக்கு ஒற்றை மட்டும் வட்டமிட்டேன். நேரம் அதிகம் பிடித்தது. அறுபது நோட்டு முடிய இரவு பதினொன்று ஆகும். ஆனால் மறுவாரம் அதே பிழை பாதியாகக் குறைந்திருக்கும்.

இந்தக் கதையைச் சொன்னதும் கணினித் துறையில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தான். இரண்டு மணி நேரம் மடிக்கணினியைத் திறந்து காட்டினான். கருவியில் குறை இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் கருவி ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஜாங்கோ என்று ஒன்று, 2005-இல் இருந்து புழக்கத்தில் இருக்கிறதாம். ஒரு படிவம் சோதனையில் தோற்றால் எந்தக் கட்டம், என்ன காரணம் என்று கட்டத்துக்குக் கட்டம் தனித்தனியாக எழுதி வைத்துக்கொள்கிறது. நிரப்பியதையும் கையில் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கிறது. லாராவெல் என்ற இன்னொன்றில் பழைய விடையைக் கட்டத்தில் மறுபடி நிரப்ப 'ஓல்டு' என்று தனியாக ஒரு கட்டளையே இருக்கிறது. அதாவது புள்ளிதான் பிரச்சினை, பெயர்க் கட்டத்தில்தான் பிரச்சினை என்று இயந்திரத்துக்குத் தெரிந்துதான் இருந்திருக்க வேண்டும். தெரியாமல் எப்படித் தடுத்திருக்கும்? தெரிந்ததை அந்தப் பெண்ணிடம் சொல்லாமல் நடுவில் விழுங்கியது ஒரு மனிதன்.

அடுத்து அவன் காட்டியதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஒரு கட்டத்துக்கு நீங்கள் ஒரு வடிவ விதி போட்டுவிட்டு வேறு ஒன்றும் எழுதாமல் விட்டால், ஜாங்கோ தன் பங்குக்கு 'சரியான மதிப்பை இடவும்' என்ற பொருளில் ஒரு வரி சொல்லும். அது வெறும் இடம்பிடிக்கிற வரி. உங்கள் படிவம் பெயரைக் கேட்கிறதா, ரேஷன் அட்டை எண்ணைக் கேட்கிறதா என்று அதை எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் உங்கள் சொந்த வரியை எழுத இடம் விட்டு வைத்திருக்கிறார். உலாவியும் அப்படியே. வடிவம் பொருந்தாவிட்டால் 'கேட்ட வடிவத்தில் இடவும்' என்கும். என்ன வடிவம் என்பதை 'டைட்டில்' என்ற இடத்தில் நீங்கள் எழுதியிருந்தால் அதையும் சேர்த்துக் காட்டும். அந்த இடத்தை ஏன் காலியாக விடுகிறீர்கள்? பத்துச் சொல் எழுத முடியாதா? உங்களுக்கு நான் பத்து வரி விடையே எழுதச் சொல்லிக் கொடுத்தேனே.

தமிழில் மொழிபெயர்த்தவர்கள் செய்த கொடுமை தனி. 'செல்லாத பெயர்' என்று ஒரு தளத்தில் பார்த்தேன். காசு செல்லாமல் போகும், ஓட்டு செல்லாமல் போகும். பெற்றவர்கள் வைத்த பெயர் எப்படியப்பா செல்லாமல் போகும்? பிரிட்டன் அரசு தன் தளங்களுக்கு ஒரு வடிவமைப்புக் கையேடு வைத்திருக்கிறது. பிழைச் செய்தியில் 'செல்லும்', 'செல்லாது' என்ற பொருள் தரும் சொற்களே வேண்டாம், அவை எதையும் கூடுதலாகச் சொல்வதில்லை என்று அதில் இருக்கிறது. 'தயவுசெய்து' வேண்டாம், 'மன்னிக்கவும்' வேண்டாம். என்ன செய்தால் சரியாகும் என்று மட்டும் சொல் என்கிறார்கள். பக்கத்தின் உச்சியில் பிழைகளின் பட்டியல், ஒவ்வொன்றையும் தொட்டால் அந்தக் கட்டத்துக்கே போகிற இணைப்பு, கட்டத்தின் அருகிலும் அதே வாக்கியம் மறுபடி. இதில் என்ன ராக்கெட் இருக்கிறது?

இனி நான் பாடம் எடுத்த விஷயம். உயிர்மெய். உங்களுக்கும் எனக்கும் 'கி' ஓர் எழுத்து. யூனிகோடில் அது இரண்டு குறி: க ஒன்று, அதன் மேல் ஏறும் துணைக்குறி ஒன்று. அந்தத் துணைக்குறியை 'எழுத்து' என்ற வகையில் யூனிகோடு சேர்க்கவில்லை, 'குறியீடு' என்று வேறு வகையில் வைத்திருக்கிறது. பெயர்க் கட்டத்தில் 'எழுத்து மட்டும்' என்று விதி எழுதுகிற தம்பி குறியீட்டை மறந்துவிட்டால் என்ன ஆகும்? 'கமல' போகும். 'கமலா' போகாது! துணைக்கால் எழுத்தே இல்லையாம். 'குமார்' போகாது, 'முருகன்' போகாது. புள்ளி வைத்த மெய்யோ துணைக்குறி ஏறிய எழுத்தோ இருந்தால் அத்தனை பேரும் வெளியே. தமிழ்நாட்டில் மிச்சம் யார்? ஆங்கில எழுத்து மட்டும் என்று போடுபவர் கமலவையும் விடமாட்டார். 'கிருஷ்ணமூர்த்தி' எண்ணிப் பாருங்கள், நமக்கு எட்டு எழுத்து. கணினிக்குப் பதினைந்து. பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு கட்டம் சொன்னால் அவர் விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, எட்டுதானே இருக்கிறது என்று குழம்புவார். தன்னைத்தான் சந்தேகப்படுவார்.

'குடும்பப் பெயர் கட்டாயம்' என்பதைப் பற்றித் தனிப் பதிவே எழுதலாம். அப்பா பெயரை எழுதுவதா, ஊரை எழுதுவதா, பெயரையே இரண்டு தடவை எழுதுவதா என்று தெரியாமல் ஆளுக்கொன்று எழுதி, பிறகு பாஸ்போர்ட்டில் ஒன்றும் விமான டிக்கெட்டில் ஒன்றுமாகத் தவித்தவர்கள் நம் குடும்பத்திலேயே மூன்று பேர்.

உங்கள் தரப்பையும் கேட்டேன். 'ஃபைலை நாங்க திருப்பி நிரப்ப முடியாது ஐயா, பாதுகாப்புக்காக உலாவியே விடாது' என்றான் வந்தவன். உண்மைதான் என்று விளக்கினான். சரி, அப்படியானால் ஏற்றியதைச் சர்வரில் தற்காலிகமாக வைத்துக்கொள். அல்லது மற்றக் கட்டங்களைச் சோதித்து முடித்த பிறகு கோப்பைக் கேள். முடியாதா? 'முடியும்... கொஞ்சம் வேலை அதிகம்.' அதைச் சொல்லு.

இன்னொன்று சொன்னான், அதை ஒப்புக்கொண்டேன். உள்நுழையும் பக்கத்தில் பெயர் தவறா, கடவுச்சொல் தவறா என்று பிரித்துச் சொல்லக் கூடாதாம். சொன்னால் எந்தக் கணக்கு இருக்கிறது, எது இல்லை என்று திருடன் தெரிந்துகொள்வான். நியாயம். ஆனால் பூட்டுக்குப் போட்ட விதியை வீடு முழுவதற்கும் போட்டால் எப்படி? உதவித்தொகை கேட்கிற பெண்ணிடம் புள்ளியை மறைத்து எந்தத் திருடனைப் பிடித்தீர்கள்?

'யாரும் படிக்கிறதில்ல ஐயா, அதனாலதான் சின்னதா போடறோம்' என்பது மூன்றாவது. படித்தாள். அந்த ஒரு வரியை அவள் அன்று இரவு பத்துப் பன்னிரண்டு தடவை படித்தாள். அதில் ஒன்றும் இல்லை.

இதற்கு நேர் எதிரான நோயும் உண்டு. மின்னஞ்சல் முகவரியில் முதல் எழுத்தைத் தட்டியதும் கட்டம் சிவந்து 'முகவரி சரியில்லை' என்று கத்துவது. எழுதி முடிக்க விடுங்களேன். தேர்வு அறையில் பிள்ளை முதல் வரி எழுதும்போதே பின்னால் நின்று 'ச்ச்' கொட்டுகிற கண்காணிப்பாளரை உங்களுக்கு நினைவிருக்கும். பேனா நடுங்கும். கட்டத்தை விட்டு நகர்ந்த பிறகோ, பொத்தானை அழுத்திய பிறகோ சொன்னால் போதும். தொலைபேசி எண்ணில் இடைவெளி விட்டால் அதை நீங்களே எடுத்துவிடுங்கள். அதற்கெல்லாம் மனிதனை ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்? தலைப்பெழுத்துப் புள்ளியும் அப்படித்தான். தேவையில்லை என்றால் ஒரு வரி நிரலில் நீக்கிவிட்டுப் போயிருக்கலாம், செய்தியே வேண்டியிருக்காது.

என் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற பாட்டு ஆசிரியர், பார்வை இல்லாதவர். கைப்பேசி வாசித்துக் காட்ட, கேட்டுத்தான் எல்லாம் செய்வார். கட்டத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு போட்டால் அவருக்கு என்ன கேட்கும்? இணைய அணுகல் நெறிகளின் 2.0 பதிப்பு 2008-இலேயே வந்துவிட்டது. எது தவறு என்பதை எழுத்தில் சொல் என்பதும், நிறத்தை மட்டும் நம்பிச் சொல்லாதே என்பதும் அதில் இருக்கின்றன. இரண்டும் ஆகக் கீழ்நிலை நிபந்தனைகள், அதாவது பாஸ் மார்க். ஜாங்கோ 5.0-இல் இருந்து பிழையான கட்டத்துக்குத் திரைவாசிப்பானுக்கான அடையாளத்தைத் தானாகவே ஒட்டிவிடுகிறதாம். அதையும் நம் ஆட்கள் வார்ப்புருவைக் கையால் மாற்றி எழுதும்போது உதிர்த்துவிடுகிறார்கள் என்று வந்தவன் வெட்கத்தோடு சொன்னான். வெட்கப்பட்டதால் அவனுக்குக் காபி கொடுத்தேன்.

'டெட்லைன் ஐயா, க்ளையன்ட் கேக்கல ஐயா' என்று கருத்துப் பெட்டியில் யாரும் எழுத வேண்டாம். எனக்கும் அரையாண்டுத் தேர்வுத்தாள் நான்கு நாளில் திருத்திக் கொடு என்ற உத்தரவு வந்திருக்கிறது. தலைமையாசிரியர் ஒருநாளும் என்னை ஒற்றை வட்டமிடச் சொன்னதில்லை.

வீட்டுப்பாடம் தருகிறேன். நாளைக்கு அலுவலகத்தில் நீங்கள் கட்டிய ஒரு படிவத்தைத் திறங்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரு பிழை செய்யுங்கள். தலைப்பெழுத்தோடு, புள்ளியோடு, தமிழில் உங்கள் அம்மா பெயரை எழுதுங்கள். பொத்தானை அழுத்திவிட்டு, வருகிற செய்தியை அப்படியே கீழே எழுதுங்கள். அம்மாவிடம் போனில் வாசித்துக் காட்டி, அவருக்கு என்ன புரிந்தது என்பதையும் எழுதுங்கள். மதிப்பெண் போடுவேன், பக்கத்தில் காரணமும் எழுதுவேன்.

துபாயில் இருக்கிறவனே, போன வாரம் நீ பெருமையாக அனுப்பிய மருத்துவமனைப் பதிவுப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். 1950-க்கு முன்னால் பிறந்தவனை அது ஏற்க மாட்டேன் என்கிறது, ஏன் என்றும் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் போன் பண்ணு.