கன்றுக்குத் தாய் எது?

அடுத்த முறை வீட்டில் எலுமிச்சம்பழம் பிழியும்போது விதைகளை எறிந்துவிடாதீர்கள். கழுவி எடுத்து, ஒரு தொட்டியில் பத்து விதைகளை இடைவெளி விட்டு ஊன்றி வையுங்கள். சில வாரங்களில் முளைவிடும். அப்போது எண்ணிப் பாருங்கள். செடிகள் பத்துக்கு மேல் இருந்தால் வியப்படைய வேண்டாம். ஒரே விதையிலிருந்து இரண்டு, மூன்று செடிகள் கிளம்பியிருக்கும்!

ஆரஞ்சு விதைக்குள் இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருப்பதை 1719-இலேயே லீவன்ஹூக் தம் நுண்ணோக்கியில் கண்டார். அவற்றுள் ஒன்று மகரந்தச் சேர்க்கையால் பிறந்தது. மற்றவை தாய்மரத்தின் திசுவிலிருந்தே நேராக உண்டானவை, அதாவது தந்தையில்லாப் பிள்ளைகள். தாயின் குணம் அப்படியே அவற்றில் இருக்கும். ஆனால் தாயைப் பிடித்த நச்சுயிரி (வைரஸ்) நோய்களில் பெரும்பாலானவை விதை வழியே இறங்குவதில்லை.

அப்படியானால் எல்லா மரங்களையும் விதையிலிருந்தே வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். நம் ஊர்களில் எலுமிச்சையைப் பெரும்பாலும் அப்படித்தான் வளர்க்கிறார்கள். ஆனால் விதையில் வந்த சாத்துக்குடியும் ஆரஞ்சும் முள் அடர்ந்து உயரமாக வளரும். காய்க்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதனால் உறுதியான வேருள்ள வேறொரு செடியில் நல்ல மரத்தின் மொட்டை வைத்து ஒட்டுக் கட்டுகிறார்கள். அந்த மொட்டோடு தாயின் இனிப்பு வரும். தாய்க்கு நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும்.

கன்று வாங்கப் போகிறவர் "என்ன ரகம்?" என்றுதான் கேட்கிறார். "எந்த மரத்து மொட்டு?" என்று கேட்பவர் அரிது. ஆராய்ச்சியைப் பற்றி எழுதுகிற நாங்களும் அப்படித்தான் இருக்கிறோம். புதிய ரகம் வந்தால் படத்தோடு வெளியிடுகிறோம். பழைய ரகத்தையே நோயின்றிக் காத்துத் தருகிறவரைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. இது பெரிய குறை என்பது என் எண்ணம். எலுமிச்சைக் குடும்பத்து மரங்களைப் பொறுத்தவரை, உழவரைக் கடனிலிருந்து காப்பாற்றியதில் பெரும்பங்கு இந்த இரண்டாவது வகை ஆராய்ச்சிக்கே உரியது.

ஸ்பெயின் நாட்டில் நடந்ததைப் பாருங்கள். அங்கே இனிப்பு ஆரஞ்சைக் கசப்பு ஆரஞ்சின் வேர்ச்செடியில் ஒட்டி வளர்த்து வந்தார்கள். 1957-இல் மரங்கள் திடீரெனப் பட்டுப்போகத் தொடங்கின. காரணம் டிரிஸ்டீசா என்னும் நச்சுயிரி. போர்த்துக்கீசிய மொழியில் இந்தச் சொல்லுக்குத் துயரம் என்று பொருள். ஒட்டுக் கட்டிய இடத்திற்குக் கீழே உணவு செல்லும் குழாய்கள் செத்துவிடும். இலையில் சமைத்த உணவு இறங்காமல் வேர் பட்டினியால் மடியும். இந்த நச்சுயிரியை மொட்டும் பரப்பும், அசுவினிப் பூச்சியும் பரப்பும். காலப்போக்கில் அங்கே நான்கு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் அழிந்தன. வேர்ச்செடியை மாற்றினால் இந்த நோயைத் தாங்கலாம். ஆனால் மொட்டு எடுக்க வேண்டிய பழைய மரங்களிலோ வேறு பல நச்சுயிரிகளும் குடிகொண்டிருந்தன. தூய மொட்டுக்கு எங்கே போவது?

விடை கண்டவர்களில் ஒருவர் லூயிஸ் நவாரோ. கலிபோர்னியாவில் முராஷிகே, ராய்ஸ்டாக்கர் ஆகியோருடன் அவர் செம்மைப்படுத்திய முறை 1975-இல் வெளிவந்தது. கிளையின் வளர்நுனியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது இரு பங்கு நீளமே உள்ள பகுதி இருக்கிறதே, அங்கே உணவுக் குழாய்கள் இன்னும் உருவாகியிராது. குழாய் வழியே பயணம் செய்யும் நச்சுயிரியால் பெரும்பாலும் அங்கே எட்ட முடிவதில்லை. நுண்ணோக்கியின் கீழ் அந்தத் துளியை மட்டும் சீவி எடுத்து, சோதனைக் குழாயில் இருட்டில் முளைத்த வெளிறிய நாற்றின் தண்டில் ஒட்டுகிறார்கள். கை சற்றே நடுங்கினாலும் போயிற்று! பாதி ஒட்டுகள் பிடித்தாலே நல்ல விளைவு. இப்படிப் பிறந்த கன்றுகளைக் கொண்டுதான் ஸ்பெயினின் தோட்டங்கள் மறுபிறவி எடுத்தன. புதிய ரகம் எதையும் படைக்காமல் நடந்த வேலை இது. நம் நாட்டில் நாகபுரியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிலையமும் இம்முறையில் தூய கன்றுகளை உண்டாக்கித் தருகிறது.

தூய கன்று மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மஞ்சள் தளிர் நோய் அதற்குச் சாட்சி. இது பாக்டீரியாவால் வருவது, மருந்தில்லை. கறிவேப்பிலைத் தளிரிலும் வாழக்கூடிய ஒரு சிறு சாறுறிஞ்சிப் பூச்சி இதைப் பரப்புகிறது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2005-இல் இந்நோய் தென்பட்டது. அங்கே 2003-04-இல் 24 கோடிப் பெட்டி ஆரஞ்சு விளைந்தது. 2024-25-இல் கிடைத்தது சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் பெட்டிதான். பிரேசிலின் சாவோ பாலோ மாநிலத்தில் 2003 முதல் வலைக்கூண்டுக்குள்தான் கன்று வளர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அப்படியிருந்தும், அதன் ஆரஞ்சு வட்டாரத்தில் 2024-இல் எடுத்த கணக்கில் நூற்றுக்கு 44 மரங்கள் நோயுற்றிருந்தன. நட்டபின் வெளியிலிருந்து பூச்சி வந்துவிடுகிறது. ஆனால் கன்றே நோயோடு வந்தால்? பூச்சி வரும்வரை காத்திருக்கும் அந்தச் சில நல்ல ஆண்டுகள்கூட உழவருக்குக் கிடைக்காது. நான்கைந்து ஆண்டு தண்ணீர் ஊற்றி, உரமிட்டு, காய்க்கும் பருவத்தில் மரம் வாடினால் அந்த ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்? வலைக்கூண்டுக் கன்று விலை கூடுதல் என்று முகம் சுளிப்பவர்கள் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கட்டும்.

ஒரு செய்தி உங்களுக்குப் பிடிக்கும். மரத்தில் டிரிஸ்டீசா இருக்கிறதா என்று கண்டறிய உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் நெடுங்காலமாக வளர்த்து வரும் செடி எது தெரியுமா? நாம் பிழிந்து குடிக்கும் இதே சிறிய எலுமிச்சைதான். ஐயப்படும் மரத்தின் மொட்டை அதன் நாற்றில் ஒட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். நச்சுயிரி இருந்தால் நாற்றின் இளம் இலை நரம்புகள் ஆங்காங்கே எண்ணெய் பட்டதுபோல் தெளிந்து தெரியும். உங்கள் வீட்டு எலுமிச்சையின் இளம் இலையையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அத்தகைய கீற்றுகள் தெரிந்தால், ஒட்டுக் கட்டக் குச்சி கேட்டு வருபவரிடம் அதை ஒடித்துக் கொடுக்காதீர்கள். பழுத்த பழத்தின் விதை நாலைக் கொடுத்தனுப்புங்கள்.